சிவப்புத் துணி

சேரம்பாடி எஸ்டேட் லைன் வீடுகளில் கோழி வளர்த்த எல்லாரும் அதன் காலில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவோம். எல்லாம் ஒன்றாகவே தேயிலைச் செடிகளுக்கிடையே மேயும். துணியின் நிறத்தை வைத்துத்தான் எது யாருடையது என்று தெரியும். என்னுடையது சிவப்பு. பக்கத்து வீட்டு அக்காவுடையது மஞ்சள். அவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், நல்ல வாய். நானும் சளைத்தவளில்லை.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் துணியெல்லாம் நைந்துபோக, அக்கா தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டார். அதுவும் சிவப்பு. அன்று சாயங்காலமே ஒரு பெட்டைக்கோழியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்கக்கா, இது என்ற கோழிங்க. உங்க துணிய மொதல்ல அவுருங்க."

"ஏன், நீ அவுக்கிறதுதானே!"

இரண்டு பேரும் கடைசிவரை அவிழ்க்கவில்லை. வீம்புதான். கோழிகள் இஷ்டப்பட்ட வீட்டில் அடைந்தன, இஷ்டப்பட்ட வீட்டில் முட்டையிட்டன. பொழுது சாய்ந்ததும் அவற்றைத் தேடிக்கொண்டு ஈரத்தில் ஒன்றாக நடப்போம், ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். எப்போது மாறியது என்று தெரியாது, இருவருமே 'நம்ம கோழி' என்று சொல்ல ஆரம்பித்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்று நாங்கள் கிளம்பியபோது பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கோயமுத்தூர் வீட்டுக் கொல்லையில் மூன்று கோழிகள் இருக்கின்றன. சுற்றிலும் மதில். அக்கம்பக்கத்தில் யாரும் கோழி வளர்ப்பதில்லை, கலந்துவிடும் என்ற பயமில்லை. மூன்றின் காலிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.