கட்டுமோ, கட்டாதோ: குணம் அண்ணையின் தோட்டாக்கள்

புதன்கிழமை காலை, எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் என் கடையின் இரும்புச் சட்டரைப் பாதிக்குத் தூக்கியிருந்தேன். தொலைபேசி அடித்தது. குணம் அண்ணையின் மனைவி மலர் அக்கா. "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். சட்டரைத் திரும்ப இறக்கிவிட்டு வாசலிலேயே குந்திவிட்டேன். சட்டி வாங்க வந்த ஒரு பெண், "இண்டைக்குப் பூட்டோ அண்ணை?" என்று கேட்டார். ஓம், பூட்டுத்தான் என்றேன்.

குணரத்தினம் அவர்களை, எங்கள் குணம் அண்ணையை, இந்தத் தெருவில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறநகரான வில்லியே லே பெல்லில் குடியிருந்தவர். பிரெஞ்சு உணவகம் ஒன்றின் சமையலறையில் ஓய்வுபெறும்வரை நின்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்குச் சுடுகிறவர். துவக்கு என்ற சொல்லே எங்கள் சனத்துக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் முறையான அனுமதியோடு, ஒரு சுடுகழகத்தின் திடலில், வானத்தில் எறியப்படும் மண்தட்டுகளை மட்டும் சுட்டார். ஒரு காகத்தைக்கூட அவர் தொட்டதில்லை.

நான் விற்பது புட்டுக்குழல், இடியப்ப உரல், தேங்காய்த் துருவலை. மேசை விளிம்பில் திருகிப் பூட்டி, கைபிடியைச் சுற்றித் துருவுகிற துருவலை. ஒருநாள் அவர் வந்து அப்படியொரு சாமானை மேசையில் வைத்தார். கைபிடி இருந்தது. மேசையில் பூட்டுகிற பிடி உடைந்திருந்தது. பல்லைக் காணவில்லை.

"அண்ணை, இது பல்லு முழுக்கத் தேய்ஞ்சு போச்சு. புதுசா ஒண்டு எடுங்கோ" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்புக்கு அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது தேங்காய்க்கில்லை. தோட்டாக்கு வாய் மூடுற மிசின்."

சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் ஈயக்குண்டும் புதிதாக நிரப்பி, வாயை மடித்து மூடுவாராம். எங்கள் துருவலையின் பிடி அதற்குப் பொருந்துமோ என்று பார்க்க வந்திருக்கிறார். பொருந்தியது! பிடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, முழுத் துருவலைக்கும் காசு தந்துவிட்டுப் போகப் பார்த்தார்.

கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? "உது கட்டுமோ அண்ணை?" என்று கேட்டேன். கட்டுப்படியாகுமா என்பதைத்தான் நாங்கள் அப்படிக் கேட்போம்.

"கட்டும் தம்பி. வடிவாக் கட்டும்."

அன்று தொடங்கிய வழக்கு அது.

துவக்குப் பழக்கம் அவருக்குத் தொற்றியது தலைமைச் சமையல்காரர் றெனேயிடமிருந்து. முதன்முதலாக றெனே அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, மலர் அக்காவிடம் "புறா சுடப் போறம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனுசன் வெறுங்கையோடு வந்து நின்றார். அந்த மண்தட்டைத்தான் பிரெஞ்சுக்காரர் களிமண் புறா என்கிறார்கள். "மண் புறாவுக்குக் கறித்தூள் அரைச்ச ஒரே பொம்பிளை நான்தான்" என்று அக்கா சொல்லாத கொண்டாட்டம் இல்லை. அந்தத் தூளில் அன்று கத்தரிக்காய் வெந்ததாம்.

றெனே வேலையை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பியபோது தன் பழைய துவக்கை அண்ணைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டா நிரப்பும் வேலை அதோடு தொடங்கியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணை கடைக்கு வருவார். உரல்கள் அடுக்கிய மூலையில் சாய்ந்துகொண்டு வழக்கைத் தொடங்குவார். நான் சொல்வேன்: "வழமையான தோட்டாவை ஃபக்டரிக்காரன் மலைமலையாச் செய்யிறான். கழிவு விலையிலை பெட்டியோடை தாறான். நீங்கள் மருந்து வேறை, ஈயம் வேறை எண்டு சில்லறை விலையிலை வாங்கிறியள். ஈயம் விலை ஏறிக்கொண்டே போகுது. மிசின் காசு எங்கை? உங்கடை மினக்கேடு எங்கை?"

"மினக்கேட்டுக்கு ஆர் எனக்குச் சம்பளம் தாறது? சும்மாதானே இருக்கிறன்."

"சரி. மலிவாச் செய்யிறம் எண்டு முந்தியிலும் பாக்கக் கூடச் சுடுறியளே, அது?"

"அது சேமிச்சதிலை வந்த லாபம்" என்றார். இந்த மனுசனோடு என்ன செய்வது!

ஆனால் அவரிடம் ஒரு துருப்பு இருந்தது. றெனேயின் துவக்கு இப்போது அதிகம் புழங்காத அளவு. அதற்குத் தோட்டா வைத்திருக்கிற கடை குறைவு. வைத்திருப்பவன் வாய்க்கு வந்த விலை சொல்வான். "தம்பி, உம்மடை கடையிலை இடியப்ப உரல் மலிவு. என்ரை பழைய உரலுக்கு அச்சு மட்டும் கேட்டா நீர் என்ன விலை சொல்லுவீர்?" என்று மடக்கினார். நான் அகப்பட்டேன். வழமையான தோட்டாவுக்குக் கட்டாது, அருமையாகக் கிடைப்பதற்குக் கட்டும் என்று பாதி வழியில் இறங்கி வந்தேன். அவர் பாதியை ஏற்கமாட்டார். பக்கத்தில் நின்ற அண்ணையின் மகள் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல், "பா றொந்தாப்ல், பப்பா" என்பாள். கட்டாது அப்பா என்பதைத்தான் அவளும் சொன்னாள்.

பெரிய பெரிய அண்டாக்கள் தூக்கிய தோள் பிற்காலத்தில் அவரை வருத்தியது. கடைத் தோட்டாவின் உதை தாங்கவில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்குள், உதை குறைந்த தோட்டாவாகத் தானே நிரப்பிக்கொண்டார். "காசுக்குக் கட்டாட்டிலும் தோளுக்குக் கட்டுது" என்றார்.

அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையின் ஒரு பக்கம் சுவருக்கு நெருக்கமாக இருந்தது. மறுபக்க விளிம்புதான் கைபிடி சுற்ற வசதி. சனி பின்னேரம் அங்கே அண்ணையின் மிசின். ஞாயிறு காலை அதே இடத்தில் அக்காவின் துருவலை. வேலை முடிந்ததும் மிசினைக் கழற்றி, மேசையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் படுப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

நோய் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீர் சொன்னதுதான் சரி. யோசிச்சுப் பார்த்தன். கட்டாது" என்றார்.

எத்தனை சனிக்கிழமையாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன்! வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. ஆள் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டாரே!

"விசர்க் கதை கதையாதேங்கோ. ஏன் கட்டாது? றெனேயின்ரை துவக்குக்கு வேறை எங்கை தோட்டா வாங்கிறது?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

அண்ணை தலையணையிலிருந்து எழும்பிவிட்டார். "ஈயம் விக்கிற விலை தெரியுமோ உமக்கு?"

"மினக்கேட்டுக்கு ஆர் சம்பளம் தாறது?"

"கூடச் சுட்டனே, அது எந்தக் கணக்கிலை?"

என் கதையை அவரும் அவர் கதையை நானும் கதைத்துச் சண்டை பிடித்தோம். தாதி வந்து வாயில் விரல் வைத்தார். அண்ணை இருமி இருமிச் சிரித்தார். நான் புறப்பட்டபோது, "சனிக்கிழமை வாரும், மிச்சத்தைக் கதைப்பம்" என்றார். அந்தச் சனிக்கிழமை வரமுன்னர்தான் அக்காவின் அழைப்பு வந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவர் வீட்டுக்குப் போனேன். துவக்கையும் தோட்டாக்களையும் மகள் முறைப்படி அறிவித்துக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாள். படையலுக்கு அண்ணைக்குப் பிடித்த சம்பல் வேண்டும். மலர் அக்கா துருவலையைக் கையில் வைத்துக்கொண்டு மேசையருகில் நின்றார். விளிம்பில் மிசின் பூட்டியபடியே இருந்தது, என் கடைப் பிடியோடு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு சனி பின்னேரம்.

"இரவிலை அவர்தானே கழட்டிறவர்" என்றார் அக்கா.

நான் திருகில் கை வைத்தேன்.

"விடுங்கோ தம்பி. நான் மற்றப் பக்கத்திலை வைக்கிறன்."

சுவர்ப் பக்கத்தில் துருவலையைப் பூட்டினார். கைபிடி சுவரில் இடித்தது. பாதிச் சுற்றுச் சுற்றுவார், சுவரில் முட்டும், பின்னுக்குத் திருப்புவார். அப்படியே முழுத் தேங்காயையும் துருவி முடித்தார். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அண்ணை, போன சனிக்கிழமை கடை திறந்திருந்தது. உரல் மூலையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களோடு கதைக்க ஆசையாக இருக்கிறது, வேறென்ன சொல்ல. போயிட்டு வாங்கோ. வழக்கிலை நான் இனி உங்கடை பக்கம். கட்டும் அண்ணை. வடிவாக் கட்டும்.