இரண்டு தட்டு தட்டினால்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானே தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் இது நடந்தது. போன வருஷம் ஆகஸ்டில், ராஜா அண்ணாமலைபுரத்தில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில். அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

என் பெயர் நீரஜா. என் கணவர் சுஹாஸுக்கு முப்பத்தாறு வயது. ஒரு காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகு நரம்புகள் தளர்ந்து, சில நாட்களிலேயே உடம்பு முழுவதும் அசைவற்றுப் போய்விட்டது. சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். குழாய் இருக்கும்வரை குரல் வராது. வீட்டுக்கு வந்தபோது அவரால் அசைக்க முடிந்தது இடது கையைக் கொஞ்சமும் அதன் ஆள்காட்டி விரலையும் மட்டும்தான்.

அந்தக் குழாயில் சளி அடைத்தால் உயிருக்குச் சில நிமிஷம்தான் கெடு. உடனே மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு அவர் என்னைக் கூப்பிட வேண்டும். குரலில்லாத மனிதர் எப்படிக் கூப்பிடுவார்?

அதற்காகத்தான் பெரிய தொடுதிரை வைத்த டேப் ஒன்று வாங்கினேன். கட்டிலில் ஒரு தாங்கியை மாட்டி, அவர் விரலுக்கு எட்டும்படி நிறுத்தினேன். திரையில் ஆறு பெரிய கட்டங்கள். தண்ணீர், வலி, சளி, ஃபேன், திருப்பு, வா. கட்டத்தைத் தொட்டால் டேப் அதைச் சத்தமாகச் சொல்லும். அதன் தமிழ் கேட்கச் சகிக்கவில்லை. அதனால் 'வா' கட்டத்துக்கு மட்டும் அவருடைய பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். "நீரு, சித்த இங்க வாயேன்." முதல் முறை அது ஒலித்தபோது சமையலறையில் நின்று அழுதேன்.

அப்புறம் ஒரு தலைவலி. திரை எரிந்துகொண்டே இருந்தால் டேப் சூடாகிறது, அந்த வெளிச்சத்தில் இவருக்குத் தூக்கம் வரவில்லை. திரை அணைந்தால் மறுபடி எழுப்ப ஓரத்துப் பட்டனை அழுத்த வேண்டும். அது வலது ஓரத்தில் இருந்தது. இவர் விரல் அங்கே எட்டாது. ஒரு சாயங்காலம் முழுக்க செட்டிங்ஸைக் குடைந்தேன். லாக்கை எடுத்தேன். யாரும் தொடாவிட்டால் அரை நிமிஷத்தில் திரை தூங்கும். கண்ணாடியில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு தட்டினால் விழிக்கும். விழித்ததும் அதே ஆறு கட்டங்கள்.

டக்... டக்.

"நீரு, சித்த இங்க வாயேன்."

கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டிலைக் கொண்டுவந்தவர்கள் தலைமாட்டை வடக்கே போட்டார்கள். இப்படிக் கிடக்கிறவரை வடக்கே தலை வைத்துப் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. தெற்கே திருப்பச் சொன்னேன். தெற்குப் பக்கம் கதவு இருந்ததால் கட்டிலைக் கிழக்குச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டியதாயிற்று. அவருடைய வலது பக்கம் முழுக்கச் சுவர். நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை.

இரவில் பொன்மணி பார்த்துக்கொள்வாள். கண்ணகி நகரிலிருந்து வரும் அட்டெண்டர். நான் அடுத்த அறையில் ஆபீஸ் வேலை செய்வேன், எனக்கு நைட் ஷிஃப்ட். பகலில் நானும் அவரும் மட்டும். மத்தியானம் அவர் தூங்கும்போது ஹாலில் கொஞ்சம் கண் அசருவேன்.

செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு நாற்பது. கீழே இளநீர் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீரு, சித்த இங்க வாயேன்."

போனேன். திரை எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்களை இறுக்க மூடியிருந்தார். இடது கை வயிற்றின் மேல் இருந்தது, டேப்பிலிருந்து நன்றாகவே தள்ளி. நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது...

தூக்கத்தில் விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துடைத்துவிட்டு வந்து படுத்தேன்.

புதன்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டது. இரண்டு தடவையும் அதே வியர்வை. இரண்டாம் தடவை கண்ணைத் திறந்து, கையை மெல்ல நகர்த்தி, 'திருப்பு' கட்டத்தைத் தொட்டார். ஒரே பக்கம் பார்த்து அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். மறுபடியும் 'திருப்பு'. தலையணையைச் சரிசெய்தேன். மறுபடியும் 'திருப்பு'. கண்ணில் நீர் வழிந்தது. சொட்டு மருந்து விட்டேன்.

அன்று ராத்திரி பொன்மணியிடம் கேட்டேன்.

"நைட்ல சும்மா சும்மா கூப்பிடறாரா?"

"ஒரு தபா கூட இல்லக்கா. ராவெல்லாம் கம்முனு தூங்கிக்கினு கீறாரு."

சொல்லிக்கொண்டே டேப்பைத் துடைக்கப் போனவள் நின்றாள்.

"இங்க யாருக்கா தொட்டது?"

விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். வலது ஓரத்தில் விரல் பதிவுகள். நிறைய. எல்லாம் சுவர்ப் பக்கத்திலிருந்து உள்ளே நீண்டிருந்தன...

"நான்தான். அவரைத் திருப்பறப்போ பட்டிருக்கும்."

"உன் வெரலு இம்மா நீளமா கீது?"

அவள் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். கோளாறு டேப்பில்தான். இரண்டு தட்டு வசதியை அணைத்துவிட்டுப் பார்ப்போம். அதற்கப்புறமும் திரை விழித்தால் கடைக்குக் கொண்டுபோகலாம். அவரால் கூப்பிட முடியாதே, அதனால் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது. அவர் தூங்கிப்போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றரைக்குத் தூறல் விழுந்தது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

நாலு துணி எடுத்திருப்பேன்.

"நீரு, சித்த இங்க வாயேன்."

என் கை அப்படியே நின்றது.

அணைத்திருக்கிறேனே... அவர் தட்டினாலும் விழிக்காதே... பட்டனை அழுத்தினால்தானே...

பட்டன் சுவர்ப் பக்கம்.

போயாக வேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை. அவ்வளவு பயம் எனக்கு. அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்ற பயம்.

"நீரு, சித்த..."

"நீரு..."

"நீரு..."

"நீ..." "நீ..." "நீ..."

அவ்வளவு வேகமாக அவர் விரல் அசையாது.

ஓடினேன்.

உதடு நீலமாகியிருந்தது.

கண் சுவரைப் பார்த்து நிலைகுத்தியிருந்தது.

இடது கை போர்வைக்குள்.

மெஷினைப் போட்டேன். ர்ர்ர்ர்... குழாய்க்குள் விட்டேன்.

ஒன்றும் வரவில்லை.

சளியே இல்லை. குழாய் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அவர் ஏற்கெனவே மூச்சு விட ஆரம்பித்திருந்தார். நான் உள்ளே நுழைந்தபோதே நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, குழாயில் அடைப்பு எதுவும் இல்லை, ஏன் மூச்சு நின்றது என்று புரியவில்லை என்றார். அங்கேயே மூன்று வாரம் இருந்தோம். அந்த ஃபிளாட்டுக்கு நான் திரும்பவில்லை. சாமான்களை என் அண்ணன் குருபிரசாத் ஏற்றி வந்து, அபிராமபுரத்தில் வேறு வீட்டில் இறக்கினான். கட்டிலையும் டேப்பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான். டேப் சரியில்லை என்றேன்.

டிசம்பரில் குழாயை எடுத்தார்கள். குரல் வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. ஒரு காலையில் காபியை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே நல்ல வெயில். அப்போது சொன்னார்.

"நான் திருப்பச் சொன்னது சுவத்துப் பக்கம் இல்லை, நீரு. இந்தப் பக்கம்."

"தெரியாம போச்சு. ஏன், அந்தப் பக்கம் என்ன?"

"அங்க ஒருத்தி படுத்துண்டிருந்தா."

"எங்க?"

"எனக்கும் சுவத்துக்கும் நடுவுல."

ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"ஒரு கையால குழாயை மூடுவா. இன்னொரு கையால உன்னைக் கூப்பிடுவா. நீ வந்ததும் எடுத்துடுவா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமை நீ வர நேரமாச்சு. அவ கையை எடுக்கலை."

அவர் முகத்தருகே குனிந்து கேட்டேன்.

"உங்களை எதுக்கு இப்படிப் பண்ணணும்?"

அவர் தலையை அசைத்தார்.

"என்னை அவ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை. என் தலைக்கு மேல, கதவையே பாத்துண்டிருப்பா. நீ ஓடி வந்து நிக்கறப்போ, உன்னைப் பாத்துச் சிரிப்பா."