வலிக்கு ஒரு சால்வை மாலை

மக்களே, இன்று நம்ம விருத்தாசலத்தில் மாபெரும் கொடுமை ஒன்றைக் கண்டேன்.

உடம்பெல்லாம் ஓயாமல் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா பற்றி சர்ச் ஹாலில் விழிப்புணர்வுக் கூட்டம். அந்த வலியோடு வாழும் என் தங்கச்சி ஸ்டெல்லாதான் பேச்சாளர். ஒரு வாரமாக எழுதித் தயாராகியிருந்தாள்.

முதலில் பிரமுகர்களுக்குச் சால்வை. போர்த்தும் வேலையும் அவளுக்கே! உலக ஜனத்தொகையில் பாதி மேடையில்தான் இருந்தது.

"நிக்க முடியலைங்க" என்றாள்.

"பாத்தா நல்லாத்தான இருக்கீங்க? இன்னும் நாலு பேருதாம்மா" என்றார் தலைவர்.

ஒரு மணி நேரம் கழித்து மைக் கிடைத்தது. தாளைத் தூக்கிப் படிக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

"ஒரு சேர் போடுங்க. நான் பேச வந்ததே அதான்" என்றாள்.

கைதட்டல் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் கேட்டிருக்கும். சேர் மட்டும் வரவில்லை.

உங்க ஊர்லயாவது போடுவாங்களா?