பிரேக்கில் மிச்சமிருந்த காற்று

ஆஸ்பத்திரியில் என் வேலையில் பாதி, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான். ட்ரிப் ஏற்றும் முன் குழாயைச் சுண்டிச் சுண்டி, ஒரு குமிழிகூட இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நோயாளியின் கையைத் தொடுவேன். இத்தனை வருட நர்ஸ் வேலையில் இதில் நான் தவறியதே இல்லை. அதனால் என் பழைய காரின் பிரேக்கில் காற்று புகுந்துவிட்டது, எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, இதற்கு எதற்கு இன்னொருவர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

காற்று புகுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளம், உப்பு ஏரிக்கரை. என் வீட்டுக்காரர் ஏரியில் இறங்கி, வலையில்லாமல் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பவர். காலையில் நான் வேலைக்குப் போகும்போது அவரையும் நண்டுக் கூடையையும் ஆரம்பாக்கம் சந்தையில் இறக்கிவிடுவேன். நான் கார் ஓட்டப் பழகிய நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைவு வந்தாலும் மாடு வந்தாலும், தன் காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். கேலி செய்து பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். அந்தக் கால் அடங்கவில்லை.

அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன், அதேதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்ததில், கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் தரையை உதைத்தபடி விறைத்திருந்தன. கூடை கவிழ்ந்து, கொடுக்கு கட்டிய நண்டுகள் சீட்டுக்கு அடியில் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"வித்துடு இத," என்றார். "இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேன்."

நானும் விடவில்லை. "பிரேக்க என் கையாலயே சரி பண்ணி, உன்ன இதுல உக்கார வெச்சிக் காட்டுறேன்," என்றேன்.

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போனோம். நான் முன்னால், அவர் பின்படிக்கட்டு ஓரமாகச் சொட்டும் கூடையோடு. கண்டக்டர் தினமும் அவரைத் திட்டினார். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, என் பக்கம் திரும்பவில்லை.

கட்டி இழுத்து வந்த காரை மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார். உப்புக் காற்று பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைத் தின்றிருந்தது. புதுக் குழாய் போட்டார். காற்றை எடுக்கப் பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும், நாளைக்கு ஆளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளைக்கு வரவேயில்லை. போன் செய்யும்போதெல்லாம் கிளம்பிக்கொண்டே இருந்தார்.

விஷயம் எளிதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலோடு காற்றும் வெளியே வரும். திருகை மறுபடி இறுக்கும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும். ஆகவே சக்கரத்தருகே ஒருவர், பெடலில் ஒருவர். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் வேலையை முடிக்கத்தான் விதவிதமான கருவிகள் விற்கிறார்கள். மூன்று சாயங்காலம் போனில் அவற்றை அலசினேன்.

பிரேக் ஆயில் டப்பாவின் மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, பூச்சி மருந்து அடிக்கும் பம்பு போல அழுத்தம் ஏற்றுவது ஒன்று. என் காரின் வயசுக்கு அந்த மூடி அளவு எங்கேயும் இல்லை. சரியாகப் பொருந்தாமல் பீய்ச்சியடித்தால் பெயின்ட் போய்விடும். வேண்டாம் என்று தள்ளினேன். ஒருவழி வால்வு வைத்த குழாய் இன்னொன்று. விலை கம்மி, நாமே மிதித்துக்கொள்ளலாம். ஆனால் நான் முன்சீட்டில் மிதித்துக்கொண்டிருக்க, குமிழி பின்சக்கரத்தில் அல்லவா போகும்? குமிழியைப் பார்க்காமல் ஒரு வேலையை முடித்தேன் என்று சொல்ல என்னால் ஆகாது. மூன்றாவது, கையால் அழுத்தி உறிஞ்சும் பம்பு. முள் காட்டும் மீட்டர், உள்ளே ஓடுவது தெரியும் குழாய், சின்ன பாட்டில். எங்கள் வார்டில் சளி உறிஞ்சும் மெஷினுக்குத் தம்பி மாதிரியே இருந்தது. அதை வாங்கினேன்.

தேர்வில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் நான் அதை வாங்கியதற்கு முதல் காரணம் மீட்டரும் இல்லை, குழாயும் இல்லை. அது இருந்தால், கொஞ்சம் வந்து மிதி என்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, பெடலிலிருந்து தூரத்துச் சக்கரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்தேன். குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாதி பாட்டில் ஆயில் போன பிறகும் சோடா மாதிரி பொங்கியது. அப்புறம்தான் புரிந்தது, திருகின் மரை வழியாக வெளிக்காற்றையே பம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது. மரையைச் சுற்றிக் கிரீஸ் அப்பினேன். குமிழி நின்றது. அந்த நிமிஷம் எனக்கு என்னை மிகவும் பிடித்திருந்தது. நான்கு சக்கரத்தையும் முடித்து, பெடலை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது.

வாசலில் நண்டு கட்டக் கயிறு திரித்துக்கொண்டிருந்தவரிடம், ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் வார்த்தையாக, வந்து உட்கார் என்றேன். அவர் வந்தார். உட்காரவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே வெறுங்காலைப் பெடலில் வைத்து, மெல்ல, மிக மெல்ல அமுக்கினார்.

"இன்னும் காத்து கீது," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குமிழிகூட இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று கத்தினேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு மிதி மே. அவசரப்படாத."

கழற்றினேன். அவர் செய்தது போலவே மெல்ல அமுக்கினேன். பெடல் கெட்டிப்படுவதற்கு முன் விரலளவு ஓர் இளக்கம் இருந்தது. செருப்புக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. கலங்கிய ஏரியில் அவர் காலால்தான் பார்க்கிறார். சேற்றின் மேல்படலம் எங்கே முடிகிறது, இளக்கம் எங்கே, அதற்குள் நண்டு எங்கே என்று சொல்வது அந்தக் கால்தான். அந்தக் காலை வீட்டில் வைத்துக்கொண்டு நான் இணையத்தில் கருவி தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த இளக்கத்தோடு அவரை ரோட்டுக்குக் கூட்டிப் போக இருந்தேனே என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது.

பம்பிலிருந்து குழாயை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தேன். அவர் கேட்காமலேயே டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"அமுக்கு," என்றேன்.

"அமுக்கிட்டேன்."

திருகைத் தளர்த்தினேன். ஆயில் வந்தது. "எடுக்காத, அப்படியே இரு." இறுக்கினேன். "இப்ப வுடு."

இதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் கை அவருக்குத் தெரியவில்லை. ஒரு தரம்கூட அவர் நான் சொல்லாமல் காலை எடுக்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ முறை, குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி ஊர்ந்து வந்தது. பம்பு உறிஞ்சியபோது எந்த வளைவில் ஒட்டிக்கொண்டிருந்ததோ, கால் தள்ளியதில் வந்துவிட்டது. மற்ற மூன்று சக்கரத்தையும் அதேபோல் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் போதும் என்று சொன்னது நான் இல்லை, அவர்தான்.

பம்பை நான் தூக்கிப் போடவில்லை. டப்பாவில் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கே சிபாரிசு செய்திருக்கிறேன், வீட்டில் கால் உள்ள ஆள் ஒருவரும் வேண்டும் என்பதையும் சேர்த்து.

அன்று மாலை ஏரிக்கரை மண்பாதையில் தனியாக மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் காலை அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. கூடையோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஏறினார். நான் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. மெல்ல மிதித்தேன். முன்னால் நின்ற ஆட்டோவுக்கு நல்ல இடைவெளி விட்டுக் கார் நின்றது.

பக்கத்தில் பார்த்தேன். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடக்கிப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.