வலது சக்கரத்தைப் பிடித்த கை

இது நடந்தது. 1967-ஆம் வருஷம் மே மாதம், காஞ்சிபுரத்தில், பட்டப்பகலில். பேய் என்றால் இருட்டு வேண்டும், சுடுகாடு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முனிரத்தினம் மேஸ்திரியைக் கேட்டிருக்க வேண்டும். அவர் குடிக்க மாட்டார். குறி கேட்கப் போக மாட்டார். கையால் தொட்டுப் பார்த்த இரும்பைத் தவிர எதையும் நம்பாத மனிதர். அப்படிப்பட்டவர் சொன்னது இது. இதில் வரும் மணிக்கணக்கு முழுவதும் அவர் சொன்னதுதான். ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை.

ஊருக்கு வெளியே, ஏனாத்தூர் போகிற பாதையில் அவருடைய லாரிப் பட்டறை. கூட வேலை செய்தது கலியன் ஒருவன்தான். பதினோரு வருஷப் பழக்கம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

அந்த வாரம் ராஜகோபால் என்கிற டிரைவரின் லாரி வேலைக்கு வந்திருந்தது. ஓட்டும்போது பின்னாலிருந்து ஊ... ஊ... என்று ஒரு சத்தம். லாரியின் பின் அச்சுக்கு நடுவில் குண்டாகப் பானை மாதிரி ஒன்று இருக்குமே, அதற்குள் இருப்பதுதான் டிஃப்ரன்ஷியல். இஞ்சினின் சுழற்சியை வாங்கி இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. திறந்து பார்த்தால் பல்சக்கரத்தில் நான்கு பல் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தது. மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதாகிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் முனிரத்தினம் அவசரப்பட்டிருக்க மாட்டார். மறுநாள் விடிகாலை வந்தவாசியில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்கை அங்கம்மாள் புருஷனை இழந்தவள். பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பரிசம் போட்ட பிறகு முறிந்துபோயிருந்தது. இந்த மாப்பிள்ளை வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முந்தின நாள் விளக்கு வைப்பதற்குள் பெண் வந்து சேராவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் பெண் வீட்டில் நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு இதே லாரிக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு லாரியோடு வந்து நிற்கிறேன் என்று அங்கம்மாளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அன்று காலை பதினொன்றரைக்குப் புது டிஃப்ரன்ஷியல் உள்ளே உட்கார்ந்துவிட்டது. ராஜகோபால் சாப்பிடப் போயிருந்தான். கல்யாணத்துக்குக் கலியனும் வருவதாக ஏற்பாடு. கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அவன் வீடு ஏனாத்தூரில்.

"வேட்டி மாத்திக்கினு வந்துர்றேண்ணா. நான் வந்தப்புறம் சக்கரத்த சுத்திப் பாக்கலாம்."

சுற்றிப் பார்ப்பது என்றால் இதுதான். பின் சக்கரம் இரண்டும் தரையில் படாமல் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டுவிட வேண்டும். இப்போது இடது சக்கரத்தை முன்னால் சுற்றினால் வலது சக்கரம் அதே அளவு பின்னால் சுற்றும். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது நகராது. டிஃப்ரன்ஷியலின் குணமே அது. முனிரத்தினம் இடது பக்கம் உட்காருவார், கலியன் வலது பக்கம். நடுவில் லாரி மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சக்கரத்துக்குள் கைவிட்டு எதையாவது சரிசெய்கிறவன், இன்னொரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு லேசாக இரண்டு இழுப்பு இழுப்பான். கை உள்ளே இருக்கிறது, சுற்றாதே என்று அர்த்தம். அவனாக விடுகிறவரை மற்றவன் பலம் காட்டக் கூடாது. பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட இதை மீறியதில்லை. இரண்டு பேருக்கும் பத்து விரலும் முழுசாக இருந்தது அதனால்தான்.

பன்னிரண்டு ஆயிற்று. கலியன் வரவில்லை. கைக்கடிகாரத்தை எதிரே ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு முனிரத்தினம் இருப்புக் கொள்ளாமல் இருந்தார். பன்னிரண்டே கால் வரை பொறுத்தார். பிறகு தனியாகவே ஆரம்பித்துவிட்டார்.

மணி 12.20. இடது சக்கரத்தை முன்னால் தள்ளினார். வழுவழுவென்று போயிற்று. அந்தப் பக்கம் வலது சக்கரம் சுற்றுகிற சத்தமும் கேட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று பாதியில் நின்றது.

இரும்பில் இரும்பு இடித்தால் 'டக்' என்று நிற்கும், கை அதிரும். இது அப்படி நிற்கவில்லை. மெத்தென்று நின்றது. அப்புறம் லேசாக இரண்டு இழுப்பு.

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியன் வந்துவிட்டான்! வந்ததும் வாயைத் திறக்காமல் நேராக வேலையில் உட்காருவது அவன் வழக்கம். புது வேட்டியில் கிரீஸ் பூசிக்கொண்டுதான் பந்திக்கு வரப்போகிறாயா என்று இங்கிருந்தே கேலி செய்தார். பதில் இல்லை. அதுவும் அவன் வழக்கம்தான்.

காத்திருந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பிடி விடவில்லை. சைக்கிள் வந்த சத்தமே கேட்கவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சொட்... சொட்... அந்தப் பக்கம் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஒழுகுகிறது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் டின் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. டிஃப்ரன்ஷியலில் இன்னும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தார். வலது சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால் வெயில் தெரிந்தது.

ஆள் கால் தெரியவில்லை.

12.32. எழுந்து சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். யாரும் இல்லை. தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது, ஈரமே இல்லை. ஆனால் வாடை இருந்தது. பாசி வாடை. கத்திரி வெயிலில், குட்டை குளம் எதுவும் இல்லாத இடத்தில்.

வலது சக்கரத்தைத் தொட்டுச் சுற்றினார். தாராளமாகச் சுற்றியது. பிரேக்கைப் பார்த்தார், பேரிங்கைப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை. மறுபடி இடது பக்கம் வந்து உட்கார்ந்து சுற்றினார்.

அதே பிடி.

இந்த முறை அந்தப் பிடியில் நடுக்கம் இருந்தது. சற்று நேரம் இறுகும். பிறகு நழுவும். நழுவின உடனே பதறிப் பதறி மறுபடி பிடிக்கும். கை வலித்து மாற்றிப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் இரண்டு இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு இழுப்பு.

பதினோரு வருஷமாகத் தெரிந்த இழுப்பு. அதில் சந்தேகமே இல்லை.

12.50. மெதுவாகத்தான் சொன்னார்.

"கலியா... வுடுபா. நேரம் ஆவுது."

பிடி இறுகியது.

ஒரு மணிக்கு மில் சங்கு ஊதியது. சங்குச் சத்தத்தோடு அங்கம்மாளின் முகம் வந்து நின்றது. நாற்பது பேர். பிரிக்கப்போகிற பந்தல். முனிரத்தினத்துக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. பேயாவது பிசாசாவது, புதுப் பல் இறுக்கம், அவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். கடப்பாறையை எடுத்துச் சக்கரத்தின் போல்ட்டுகளுக்கு நடுவில் கொடுத்தார்.

1.05. அழுத்தினார்.

நகரவில்லை.

இரண்டு இழுப்பு வந்தது. வேகமாக வந்தது. மறுபடி இரண்டு. மறுபடி...

கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பையும் கடப்பாறைமேல் சாய்த்தார்.

விட்டது.

ஒரேயடியாக விடவில்லை. விரல் விரலாக விட்டது.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்றது. முனிரத்தினம் குப்புற விழுந்தார்.

அதற்குப் பிறகு சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றினாலும் தடையே இல்லை. சொட்டுகிற சத்தம் இல்லை. பாசி வாடையும் இல்லை.

ராஜகோபால் இரண்டு மணிக்கு வந்தான். எண்ணெய் ஊற்றி, கட்டையை எடுத்து, மூன்று மணிக்கெல்லாம் பெண் வீட்டு வாசலில் லாரி நின்றது. வந்தவாசி வரைக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அங்கம்மாள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட கலியனை முனிரத்தினம் பந்தியில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் கூட்டமாக இருந்தது.

அன்று காலையில்தான் கலியனை ஏனாத்தூர்ப் பாதையில் ஒரு கிணற்றிலிருந்து பிணமாக எடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்று வீட்டில் யாரும் தேடவில்லை. முந்தின நாள் புது வேட்டியோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை, வீரபத்திரன் என்கிற விவசாயி வழியில் நிறுத்தியிருக்கிறார். அவர் கிணற்றில் ஆயில் இஞ்சின் ஓடவில்லை, ஐந்து நிமிஷம் இறங்கிப் பார் என்று கெஞ்சியிருக்கிறார். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டி, அதன்மேல் இஞ்சினை வைத்திருந்தார்கள். அதன் பெரிய இரும்பு வீல் மேடையைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கலியனை இறக்கிவிட்டு வீரபத்திரன் கூழ் குடிக்க வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோது ஆள் இல்லை. அவசரம் என்றானே, போய்விட்டான் என்று இருந்துவிட்டார். பாதையோரம் புதர் மறைவில் நின்ற சைக்கிள் அவர் கண்ணில் படவில்லை.

உண்மையில் மேடையின் பலகை முறிந்திருந்தது. நீச்சல் தெரியாத கலியன் அந்த வீலைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துபோயிருந்தது. இரண்டு கழனி தள்ளிக் களையெடுத்துக்கொண்டிருந்த கங்கையம்மாள், முதலில் யாரோ கத்துவதும், மில் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தமும் கேட்டதாகச் சொன்னாள். நீச்சலடிக்கிற பிள்ளைகள் என்று நினைத்துத் தலை நிமிராமல் வேலையைப் பார்த்திருக்கிறாள்.

முனிரத்தினம் கிணற்றடிக்குப் போனார். வீரபத்திரன் மேலிருந்தே கையை நீட்டிக் காட்டினார்.

"மூணு மாசமா ஜாம் ஆயி கெடக்குதுபா அந்த வீலு. நாலு பேரு கடப்பாற போட்டோம், அசையல. அசையாததுனாலதான் அத நம்பிப் புடிச்சிருக்கான். தொங்குனவன் வெரல் அச்சு துருவுல பதிஞ்சிருக்குது, அது வீலுக்கு மேலதானபா இருக்கணும்? இப்ப அடியில இருக்குது. சரியா அரைச் சுத்து... யாருபா சுத்துனது?"

அதற்குப் பிறகு அந்த இஞ்சினை எத்தனையோ மெக்கானிக்குகள் வந்து பார்த்தார்கள். கடப்பாறை போட்டார்கள், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். கடைசியில் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அந்த வீல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.