மூன்றாவது இடம்

செங்கம் சாலையில், செல்வியின் டிபன் கடையில் இட்லி சாப்பிடுகிறேன். எதிரே, நேற்று ஊருக்கு வந்த வெள்ளைக்கார அம்மா கைப்பேசியில் உலக நீச்சல் போட்டி பார்க்கிறார். நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கொரு வகையில் நீந்தும் தொடர் நீச்சல். கடைசியாக நீந்துவது அவருடைய மகள். மூன்றாவதாக வந்தாலும் பதக்கம் என்று எங்களுக்குச் சைகையில் சொல்லியிருக்கிறார்.

மகள் குதித்ததும் அவருக்குப் பார்க்கத் தைரியமில்லை. கைப்பேசியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொள்கிறார்.

“போ, போடி கண்ணு... ஆங், தொட்டுட்டா” என்கிறாள் செல்வி.

“தேர்ட்?” என்று விரலிடுக்கில் பார்த்துக் கேட்கிறார் அந்த அம்மா.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் செல்வி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

“ஆமானுதானே சொன்னேன், இன்னாத்துக்கு அழுவுறாங்க?”

அவர்கள் ஊரில் அந்த ஆட்டலுக்கு இல்லை என்று அர்த்தம். பள்ளிப் படிப்பை விட்ட பிறகு நான் யாரிடமும் இங்கிலீஷ் பேசியதில்லை. எழுந்து நிற்கிறேன்.

“எஸ் மேடம். தேர்ட். மெடல்.”

அவர் என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்குகிறார். விடவே இல்லை. அவர் முழங்கைவரை சாம்பார்.

“வாயே தொறக்க மாட்டீங்கனு நெனச்சேன்” என்கிறாள் செல்வி. “கைய கழுவிட்டுப் பேசக் கூடாதாண்ணா?”