சிவப்புச் சதுரத்துடன் வெள்ளவத்தைக்கு

“சிவப்புப் பெயின்ற் நான் கப்பலுக்கே அடிக்கிறனான். அதைப் பார்க்கிறதுக்கு ஒரு டிகிரியா?” என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான்; படித்தது ஓவியம்.

சனிக்கிழமை காலை 7.10. கொட்டாஞ்சேனை அச்சுக்கடையில் அச்சடிக்கக் கொடுத்திருந்த படத்தைச் சுருளாக வாங்கிக்கொண்டு, பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் முச்சக்கர வண்டியில் ஏறினேன். கோட்டை ரயில் நிலையம் வரை மூன்று கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். வெள்ளவத்தையில் தனியார் வகுப்புகள் நடக்கும் ஒரு ரியூட்டரியில் உயர்தரச் சித்திரப் பாடத்துக்கு ஆள் தேடினார்கள். ஒரு மணி நேரம் படிப்பித்துக் காட்ட வேண்டும். எட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்தால் வகுப்பு எனக்கு; இல்லையென்றால் அந்த நேரம் கணக்கியலுக்கு.

7.40 ரயிலில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. எங்கள் கொட்டாஞ்சேனையில் துறைமுகக் கிரேன்களின் இடுக்கால் துண்டு துண்டாகத்தான் கடல் தெரியும். இங்கே கொள்ளுப்பிட்டி தாண்டியதும் இரண்டு நீலம், நடுவில் ஒரு கோடு. வேறொன்றுமில்லை.

“கலண்டரா மகள்?” எதிரே இருந்த அம்மா சுருளைக் காட்டிக் கேட்டார்.

“இல்லை அன்ரி, ஓவியம்.”

“சாமிப் படமோ?”

“சதுரம்.”

அவர் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

8.15. ரியூட்டரியில் சுருளைப் பிரித்தேன். நூறு வருடங்களுக்கு முன் தீட்டிய அருவ ஓவியம் அது: பெரிய வெள்ளைப் பரப்பு, அதன் மூலையில் சாய்ந்த ஒரு சிவப்புச் சதுரம். என் கையில் இருந்ததோ சிவப்பு மட்டும். கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“சும்மா வெள்ளைதானே தங்கச்சி, வேஸ்ட் எண்டு வெட்டிட்டன். சரிஞ்சும் கிடந்தது, நேராக்கிவிட்டன். வடிவா இருக்கா?”

நன்றி சொல்லி வைத்தேன்.

8.30க்குப் பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அறைச் சுவர் வெள்ளை. சிவப்புத் தாளை நடுவில் ஒட்டினேன்.

“மிஸ், நோட்டீஸ் போர்ட்!” என்றாள் முன்வரிசைப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

கழற்றி, வலது மேல் மூலையில் சாய்த்து ஒட்டினேன்.

“ஐயோ, விழப்போகுது.”

“எங்கே விழும்?”

“இங்கால, இங்கால” என்று பல கைகள் நீண்டன. ஒரு கையும் சிவப்பைக் காட்டவில்லை. எல்லாம் வெற்றுச் சுவரைக் காட்டின.

“அந்த ஓவியர்கள் மரத்தையும் முகத்தையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சினது நிறம், வடிவம், இப்ப நீங்கள் காட்டின வெறுமை. அதுவும் படத்தின் பாதிதான்” என்றேன்.

இடது கீழ் மூலைக்கு மாற்றினேன். “இப்ப இருந்திட்டுது, இனி விழாது” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

9.40. பதிவுத் தாளில் ஆறு பெயர்கள்.

“ஆறு பேர் காணாது பிள்ளை” என்றார் ரியூட்டரியை நடத்துபவர். “சுவர் விளையாட்டு நல்லாத்தான் இருந்தது. ஆனா கணக்கியலுக்கு இருவத்தஞ்சு பேர் வருவினம்.”

“அறையை வாடகைக்கு விடுவீங்களோ அண்ணை?”

“ஞாயிறு பின்னேரம் சும்மா கிடக்குது. மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஆருக்கு?”

“எனக்கு.”

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை பதினொரு கிலோமீட்டருக்குள்தான். வேலை கேட்டு வந்தபோது அது தூரமாகத் தெரிந்தது. திரும்பும் ரயிலில் அதை நான் அளக்கவில்லை. நாளை பின்னேரம் மூன்று மணிக்கு அறை என் பெயரில் இருக்கிறது. பணம் கட்டி, ஆறு பேருக்கும் வகுப்பு நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் ரியூட்டரிப் படியிறங்கியிருந்தேன்.